யாருக்கும் தலை வேணாம்

"கல்யாணப் படத்துல யாருக்குமே தலை வேணாமா?"

புகைப்படக்காரர் ஆம்ப்ரோஸ் டட்டில் நம்ப முடியாமல் கேட்டார்.

"வேணாம் ஐயா" என்றாள் தபித்தா. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஜோனாஸ். பின்னால் அவள் அம்மாவும் தங்கையும்.

இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் தலையை வெட்டிப் படம் எடுக்க டட்டிலை விட்டால் ஆளில்லை. தட்டில் தலை, கக்கத்தில் தலை, பூந்தொட்டியில் தலை... எல்லாம் கண்ணாடித் தகட்டில் அவர் செய்யும் வித்தை. விடுமுறைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆனால் கல்யாணத்தன்றைக்கா?

ஸ்டூடியோவில் படங்களுக்கு வர்ணம் பூசும் டட்டிலின் தங்கை லெட்டிஸ் அவரை ஓரமாக இழுத்தாள்.

"எடுக்காதீங்கண்ணா. மோதிரம் மாத்தி ஒரு மணி நேரம் ஆகல, தலையை வாங்கச் சொல்றா. பெத்தவளும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறா பாருங்க!"

டட்டில் சமாதானமாகப் பேசிப் பார்த்தார். "அம்மாடி, மாப்பிள்ளை தலையை மட்டும் எடுத்துடறேன். இனிமே அவருக்கு அது எதுக்கு?"

ஜோனாஸ் சிரித்தான். தபித்தா சிரிக்கவில்லை.

"எல்லார் தலையும் போகணும். இல்லேன்னா வேற ஸ்டூடியோ பாத்துக்கறோம்."

வந்த கிராக்கியை விடவும் மனமில்லை. டட்டில் எல்லோரையும் திரைக்கு முன்னால் நிறுத்தினார். நடு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"இது யாருக்கு?"

"அப்பாவுக்கு. வெளியே வண்டியில இருக்காரு."

"சர்ச்சுக்கு வரலையா?" என்று லெட்டிஸ் வெடுக்கென்று கேட்டாள்.

"வந்தாரு. வாசல்லயே நின்னுட்டாரு. மாமாதான் என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு."

ஜோனாஸ் போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தான். முகம் முழுக்கக் கம்பளித் துணி. கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"கொதிகலன் வெடிச்சு முகம் வெந்து போச்சு" என்றாள் அம்மா, மெல்லிய குரலில். "அதுலேருந்து யார் முன்னாடியும் வர்றதில்ல. படம்னா கேக்கவே வேணாம்."

பெரியவர் கதவருகிலேயே நின்றார். "நெசமாத்தானா தபித்தா? என் தலை வராதே?"

"யார் தலையும் வராதுப்பா. ஐயாவையே கேளுங்க."

டட்டில் முன்னால் வந்தார். "ஒண்ணுகூட வராதுங்க. நான் பொறுப்பு."

பெரியவர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே துணியை அவிழ்த்தார். லெட்டிஸ் போய் அவர் கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டு வந்தாள்.

டட்டில் கேமராவின் கறுப்புத் துணிக்குள் புகுந்தார். பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார்:

"யாரும் தலையை ஆட்டாதீங்க!"

"எந்தத் தலையை?" என்றார் பெரியவர்.

குடும்பமே குலுங்கிச் சிரித்ததில் படம் கலங்கி அந்தத் தகடு வீணாய்ப் போனது. டட்டில் சந்தோஷமாக இன்னொன்றை எடுத்து மாட்டினார்.