முப்பிடாதியின் கால்கள்

சாக்கடை தேங்கிக் கிடக்கும் அந்தத் தெருவில் யானைக்கால் நுழையாத வீடு கிடையாது. முப்பிடாதியின் கால்கள் மட்டும் வாழைத்தண்டாக இருந்தன. அதனால் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அவள் கால்களில் கிடத்தித்தான் குளிப்பாட்ட வேண்டும், பால் குடிக்கிற நேரம் போக அவள் பாயில்தான் உறங்கவைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வரம் வாங்கிவந்த கால்கள் என்றார்கள். அவளும் நம்பினாள். கெண்டைக்கால் தெரியச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொஞ்சம் மிதப்பாகவே நடந்தாள்.

போன வாரம் ரத்தம் எடுத்துப்போன நர்ஸ் இன்று முடிவோடு வந்தாள். கால் பெருத்த பக்கத்து வீட்டு மாடத்தியின் ரத்தத்தில் யானைக்கால் புழுவே இல்லையாம்.

"அவங்க உடம்பு புழுவோட மல்லுக்கட்டிக் கொன்னுடுச்சும்மா. அந்தச் சண்டையிலதான் காலு வீங்கிப்போச்சு."

"அப்ப எனக்கு?"

"ஒங்க உடம்பு சண்டையே போடல. ரத்தம் பூரா குட்டிப் புழு. ஒங்களக் கடிச்ச கொசுதான் பக்கத்துல கெடக்கவங்களுக்குக் கொண்டு போகுது. இந்த மாத்திரையப் போடுங்க."

நர்ஸ் போய்விட்டாள். தெருவில் முப்பிடாதியின் கால்களில் குளித்து வளர்ந்தவர்கள் காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாடத்தியின் மருமகள் பச்சைப்பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்தாள். "வெந்நி ஆறுது அத்தை. காலை நீட்டுங்க."

முப்பிடாதி சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டாள்.

அவள் முகத்தையே பார்த்து நின்ற மருமகளின் கண்கள் கலங்கின.

"எம்புள்ளைக்கு மட்டும் கெடையாதா, அத்தை?"