கேட்டைத் தாண்டாத சைக்கிள்

முன் டயரில் புது ரப்பரின் முடிகூட உதிர்ந்திருக்கவில்லை. பின் டயரோ நடுவில் சப்பையாகத் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது.

“ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது. நீயே பார்,” என்றார் வெங்கடேஸ்வரன் மாடசாமியிடம். வாகட் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன், லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

செயின் சத்தம் போடுகிறதென்று ரிப்பேருக்குப் போய் நேற்றுத்தான் திரும்பி வந்த சைக்கிள். பார்த்துக் கொடுத்தவன் மாடசாமி; டாங்கே சௌக் நாற்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். கடைவரை தள்ளிக்கொண்டு போனவள் அவன் மனைவி பவுன். வெங்கடேஸ்வரன் வீட்டில் நாலு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்கிறவள்.

மாடசாமி குந்தி உட்கார்ந்து டயரைக் கட்டைவிரலால் தடவினான். இருபது வருஷமாக டயரோடு மல்லுக்கட்டுகிற விரல். “ரோட்டுல ஓடி ஒத்த டயரு மட்டும் இப்படித் தேயாதே,” என்று முனகினான்.

“ரோட்டுல எங்க ஓடித்து? மழை ஆரம்பிச்சதுலேர்ந்து, ரிப்பேருக்குப் போனதைத் தவிர, இந்த சைக்கிள் கேட்டைத் தாண்டல. வீட்டுக்குள்ள இருக்கற வண்டிக்கு எப்படிப்பா டயர் தேயும்?” வெங்கடேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “அதே கம்பெனில பழசாப் பாத்து மாட்டியிருக்கான். கெட்டிக்காரன்.”

மாடசாமி நிமிர்ந்து, துடைப்பத்தோடு பக்கத்தில் நின்ற பவுனைப் பார்த்தான். “ஏட்டி, கடைக்குக் கொண்டாரப்போ வழியில எங்கயும் நின்னியா?”

“மழைக்கு ஜெபகுமார் அண்ணன் பழைய சாமான் கடையில ஒதுங்குனேன். ஏன்?”

பவுனுக்குச் சுருக்கென்றது. பழியைத் தூக்கி ஜெபகுமார் தலையில் போடப் பார்க்கிறானோ?

மாடசாமி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“நான்தான் மாத்துனேன் சார். புத்தி கெட்டுப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள புது டயரு போட்டுத் தந்துருதேன். அவளை மட்டும் வேலையை விட்டு நிப்பாட்டிராதீய.”

“சோர்”, திருடன், என்று யாரோ இந்தியில் சொன்னார்கள். பவுனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையிலிருந்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒன் மேல தப்பில்ல பவுன், நீ எப்பவும்போல வா,” என்றாள் வெங்கடேஸ்வரனின் மனைவி ப்ரீதி. வேலை போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வாட்ச்மேன் அவள் பையை மட்டும் திறந்து பார்த்தான். டிபன் டப்பாவின் மூடியைக்கூடக் கழற்றச் சொன்னான். மற்ற வீட்டு வேலைக்காரிகள் பார்க்காததுபோல் தாண்டிப் போனார்கள்.

“காசு வேணும்னு எங்கிட்டக் கேட்டிருந்தா இன்னும் நாலு வீடு சேத்துப் பாத்திருப்பேனே. களவாணி பொண்டாட்டின்னு பையைத் தொறக்க வச்சிட்டீயளே,” என்றாள் பவுன், அந்த மறுநாள் சாயங்காலமே.

மாடசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “போனது போவட்டும். இனிமே வேண்டாம்.”

“அதை யாருக்குச் சொல்லுதீய?” என்று கேட்டுவிட்டுக் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள். அதுதான் அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் ஒரு மாதம் வேளாவேளைக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

கணபதி பண்டிகைக்கு முதல் நாள், சீக்கிரம் வேலை முடிக்கவேண்டுமென்று பவுன் ஆறரை மணிக்கே வாகட் போய்விட்டாள். ஹாலில் வெங்கடேஸ்வரன் வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். வண்டி நகரவில்லை.

வண்டி சாயாமலிருக்க வைத்த ஸ்டாண்டு என்று அவள் நினைத்திருந்த இரும்புச் சட்டம் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. முன் சக்கரம் சும்மா நிற்க, பின் டயர் மட்டும் ஓர் உருளையில் அழுந்தி உரசிச் சுற்றியது. அடியில் கறுப்புத் தூள். தினமும் ஒன்பது மணிக்கு வந்து அவள் துடைத்தெடுக்கிற தூள். ஜன்னல் வழியாக வரும் கரி என்று இருந்துவிட்டாள்.

“இதுக்குன்னே தனி டயர் இருக்காம் பவுன்,” காபியோடு வந்தாள் ப்ரீதி. “சாதா டயரை இந்த உருளை தின்னுடுமாம். போன வாரம் கடைல சொன்னப்பறம்தான் மாத்தினார். தெரியாம அந்த டயர் வேற...” அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப அவரு மாத்தலியேம்மா,” என்றாள் பவுன்.

வெங்கடேஸ்வரன் பெடலை நிறுத்தவில்லை. எதிரே மாட்டியிருந்த செல்போனிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. “அவனேதானே ஒத்துண்டான்,” என்றார்.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக டாங்கே சௌக் வந்தாள். மாடசாமி ஸ்கூட்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒரு மாதமாகத் திருடனுக்குப் போடுவதைப்போலச் சோறு போட்ட கையை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

“எடுக்காததை எடுத்தேன்னு ஏன் சொன்னீய? அத்தனை பேரு முன்னாடி?”

டியூப் அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது. அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஏழெட்டுப் பேர் முன்னால்கூட அவன் இப்படிக் குனிந்து நிற்கவில்லை.

“ஜெபகுமார் கடையில நீதான் டயரை வித்துட்டேன்னு நெனச்சேம்ட்டி.”