கேட்டதும் வந்த பதில்

“ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைக்கலை பரீதா,” என்றார் போனில் ஹமீது. லண்டனில் வேலை பார்க்கும் கணவர்.

சிங்கப்பூர் வீட்டில் பரீதாவின் முகம் சுருங்கியது. லண்டன் கால் என்றாலே அவளுக்கு எரிச்சல்தான். ஒன்று கேட்டால், பதில் சாட்டிலைட்டில் ஏறி இறங்கி நிதானமாக வரும். அதற்குள் இவள் அடுத்ததைக் கேட்பாள். இரண்டு பேர் பேச்சும் முட்டிக்கொள்ளும். “என்கிட்ட பேச இவ்வளவு யோசனையா அவருக்கு?” என்று தங்கை ஜரீனாவிடம் புலம்புவாள்.

“என் நினைப்பு இருக்கா மச்சான்?”

“இல்லாம?”

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லை.”

“அங்கே குளிரா?”

“கைகால் விறைக்குது!”

பரீதா சட்டென்று போனை வைத்தாள்.

“என்ன லாத்தா, சண்டையா?” ஜரீனா பதறினாள்.

“பிரியாணிக்கு இன்னும் கொஞ்சம் அரிசி ஊறப்போடு. ஆள் வருது.”

“யாரு?”

“உன் மச்சான்தான்! லண்டன் லைன்ல, கேட்ட வாய் மூடுறதுக்குள்ள பதில் வருமாடி? மனுஷன் இங்கே நம்ம சாங்கி ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டு, குளிர்ல விறைக்கிறாராம்!”