சேரவிடாத மாத்திரை

புதன்கிழமையிலிருந்து எலியேசர் கொழுப்பு மாத்திரை போடவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சேலையூர் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் குக்கரில் அரிசியைப் போட்டார். ஃப்ரிஜ்ஜிலிருந்து நெய் பாட்டிலை எடுத்து வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அடியில் கொஞ்சம் நெய், அதோடு கருகிய முருங்கை இலை நாலைந்து. மனைவி ஈவ்லின் தினமும் பாலேடு எடுத்துச் சேர்த்துவைத்துக் காய்ச்சியது. முருங்கை இலை போடாவிட்டால் அவள் கணக்கில் அது நெய்யே இல்லை.

இந்த நெய்மேல்தான் டாக்டருக்குக் கண்.

தாம்பரத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் இவர் பஸ் பிடித்து கோவிலம்பாக்கம் போகிறார். கேட்டால், அந்தச் சாஜிதா டாக்டருக்குக் கைராசி என்பார். அந்தக் கைராசி டாக்டர் முதலில் கொடுத்த மாத்திரையில் கால் சதையெல்லாம் வலி எடுத்தது. அதனால் போன மாதம் வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

“இது சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பைக் குடல்லயே மடக்கிடும் அங்கிள், ரத்தத்துல சேரவிடாது. ஆனா ஆன்டிகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, இனிமே நெய் காய்ச்ச வேணாம்னு.”

சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, மருந்தின் வேலை உடம்பில் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்றார் டாக்டர். மறந்துபோனால் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. இவர் அதை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார் பாருங்கள்.

செல்போன் அடித்தது. மகன் ஜாய்சன், நாவலூரிலிருந்து. ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனாலும் போன்தான் வரும்.

“மாத்திரை போட்டீங்களாப்பா?”

போட்டாயிற்று என்று சொல்லி வைத்தார். கோவிலுக்குப் போய்வந்த வாய் கூசத்தான் செய்தது.

நெய் உருகியிருந்தது. சுடுசோற்றை அள்ளிப் பாட்டிலுக்குள்ளேயே போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கினார். அடியில் ஒட்டியது, பக்கத்தில் வழிந்தது எல்லாம் சோற்றில் ஏறிக்கொண்டது. கரண்டிக் காம்பால் நோண்டி எடுத்துத் தட்டில் போட்டார். கருகிய இலை ஒன்று பாட்டில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வம்பு பண்ணியது. அதையும் விடவில்லை.

கண்ணை மூடி ஜெபித்தார். கடைசியில் ஆமென் சொன்னது ஒரு குரல்தான்.

மெதுவாகச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு மட்டன் குழம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்தும் இவருக்கு ஏறவில்லை. முருங்கை இலையைக் கடித்தபோது மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மென்று விழுங்கினார்.

இந்த ஒரு வேளையை எந்த மாத்திரையும் மடக்கக் கூடாது. ரத்தத்தில் சேரட்டும், எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளட்டும். நாளையிலிருந்து டாக்டர் சொன்னபடி ஒழுங்காக இருந்துவிட்டால் போகிறது.

தட்டையும் பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்தார். பாட்டிலில் இன்னும் லேசாக வாசனை இருந்தது.

ஈவ்லினை அடக்கம் செய்து ஈஸ்டரும் போய்விட்டது. தாம்பரத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் தோளைத் தட்டி, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஆன்டியிடம் சொல்லுங்கள் என்று இன்னமும் சொல்கிற ஆள் உலகத்திலேயே கோவிலம்பாக்கத்தில் ஒருவர்தான்.

அடுத்த வாரம் அந்த டாக்டர் கேட்பார். பொய் சொல்ல வேண்டியதில்லை. காலி பாட்டிலைப் பார்த்தபடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்:

“ஆன்டி நெய் காய்ச்சறத நிறுத்திட்டாங்கம்மா.”