தொபுக்கடீர்

அடுத்த அறையில் நாற்காலி இழுபட்டதும் பெரியவள் டி.வி. சத்தத்தை நான்கு புள்ளி கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவளுக்குப் பதின்மூன்று வயது. சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கைக்கு ஆறு.

திரையில் உருண்டை ஓடிக்கொண்டிருந்தான். தொப்பி போட்ட குண்டுப் பயல். அவனுடைய வீடியோ விளையாட்டில் இது ஐந்தாம் பாகம். பாகத்துக்குப் பாகம் தொப்பி மாறியது, ஊர் மாறியது, எதிரிகள் மாறினார்கள். ஒரே ஒரு அடி மட்டும் மாறவே இல்லை. எம்பிக் குதிப்பான், அந்தரத்தில் சுருண்டுகொள்வான், பின்புறம் தரையில் மோத விழுவான். திரையே அதிரும். சுற்றியிருக்கும் புழுக்கள் மல்லாந்துவிடும்.

சின்னவள் அதற்கு வைத்த பெயர் தொபுக்கடீர்.

குதிக்க ஒரு பட்டன், விழ ஒரு பட்டன். அழுத்தியதிலிருந்து தரையில் மோதும்வரை முக்கால் நொடி. பெரியவளுக்கு அது விரலிலேயே இருந்தது.

சுவருக்கு அப்பால் அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நிற்கும். நின்ற கணத்தில் அழுத்திவிட வேண்டும். அங்கே அம்மா விழும் சத்தமும் இங்கே உருண்டை விழும் சத்தமும் ஒன்றாகிவிடும். சின்னவள் கைதட்டுவாள்.

மூன்று மாதமாக ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பிசகினால் சின்னவள் அது என்ன சத்தம் என்பாள். எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். பார்க்க விடக்கூடாது. பெரியவள் ஆடிய ஆட்டம் அவ்வளவுதான்.

அதனால் எந்தக் கட்டத்தையும் அவள் முடிப்பதில்லை. முடித்தால், அடுத்தது வரும்வரை திரை கறுத்துக் கிடக்கும். சத்தமே இருக்காது.

"பத்து நாளா இதே புல்லுத் தரைதான்க்கா. உருண்டைக்கு வீடு வாசல் ஒண்ணும் கிடையாதா?"

"சும்மா இருடி. உங்கிட்ட குடுத்தா ரெண்டே நிமிஷத்துல சாகடிச்சிடுவ."

குரல் நின்றது. அழுத்தினாள். தொபுக்கடீர். சின்னவள் கைதட்டினாள்.

குரல் மறுபடி ஏறியது, நின்றது. அழுத்தினாள்.

காது சுவரில் இருந்ததால் கண் தரையைக் கவனிக்கவில்லை. உருண்டை விழுந்தது விரிசல் விட்ட கல்லின் மேல். கல் உடைந்தது. அவன் பாதாளத்துக்குள் போய்விட்டான்.

திரை கறுத்தது. நடுவில் சின்னதாக ஒரு தொப்பி சுற்றியது. பழைய மெஷின். இருபது நொடியாவது ஆகும்.

வீட்டில் இப்போது அப்பாவின் குரல் மட்டும்தான். அது ஏறிக்கொண்டிருந்தது.

பெரியவள் எல்லா பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். தொப்பி அதன்பாட்டுக்குச் சுற்றியது. இருமலாமா, பாட்டுப் பாடலாமா என்று பார்த்தாள். மறுபடி பட்டனையே அழுத்தினாள்.

சின்னவள் சோபாவின் கைப்பிடி மேல் ஏறி நின்றாள். முழங்காலை மடக்கி, தலையைச் சுவர்ப்பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.

குரல் நின்றது.

எம்பினாள். சுருண்டாள். பின்புறம் தரையில் மோத விழுந்தாள்.

ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

"நாந்தான்க்கா விழுந்தேன்."

வலித்திருக்கும். தடவிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் கைப்பிடி மேல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள்.