நின்ற தடம்

வறண்ட ஏரியின் களிமண்ணில் பதிந்த ஆதிமனிதத் தடங்களைத் தூரிகையால் திறக்கிறவர்கள், திறந்ததை மிதிக்காமல் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். பவளக்கொடி விடிந்ததிலிருந்து அப்படித்தான் போனாள். இந்தக் கண்டத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவளோ வைத்தவனோ நடந்த வழி அது. குனிந்த தலை நிமிராதவளுக்கு, தடம் வட்டமடித்ததும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்ததும் உறைக்கவில்லை. நிமிர்ந்தபோது, இடையில் கால் வைக்க இடமில்லாத நான்கு சுற்றுத் தடங்களுக்கு நடுவே, முறத்தளவு மண்ணில் நின்றிருந்தாள்.

“அசையாதீங்க மேடம்!” கரையிலிருந்து மேற்பார்வையாளர் ஞானசிகாமணி கத்தினார். “தொட்டாலே உதிர்ந்துரும். ஒண்ணு போனாலும் நம்மள எவனும் நம்பமாட்டான்.”

“அப்ப நான் எப்படி சார் வெளிய வர்றது?”

அவர் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். அது பாதித் தூரம்கூட எட்டாது.

வெயில் ஏறியது. வேறு வேலையில்லாமல் அவள் குத்துக்காலிட்டு, தன் கால்களுக்கு இடையிலும் தூரிகையை ஓட்டினாள். இரண்டு பாதங்கள் சேர்ந்தாற்போல் தெரிந்தன. மற்றவற்றைவிட ஆழமாக, வெகுநேரம் நின்று அழுந்திய பாதங்கள். அங்கிருந்து எந்தத் தடமும் வெளியே போகவில்லை.

“என்ன மேடம், ஏதாச்சும் தெரியுதா?”

“ஒண்ணுமில்ல சார்” என்றாள். பிறகு மண்ணை அள்ளி, அவசர அவசரமாக அவற்றை மூடத் தொடங்கினாள்.