தளர்ந்து போற துணி

எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிர்ல முட்டி வலி தேவலையா?

அமெரிக்காவுல மான்மவுத் ஜங்ஷன்ங்கிற ஊர்ல நாகரத்தினம்னு ஒருத்தர். ரிட்டையர் ஆனதும் கராஜ்ல மெல்லிய மரச்சட்டத்தை ஆவியில வளைச்சு, மேல கான்வாஸ் துணியை இழுத்து பித்தளை ஆணி அடிச்சு, கனூ படகு செய்ய ஆரம்பிச்சார். படகு முடிஞ்சதும் வீட்டை வித்துட்டு டெக்சாஸ்ல மகன் கவின்கிட்ட போறதா ஏற்பாடு. சம்சாரம் சுலோச்சனாவுக்கு அதான் ஆசைன்னு நெனச்சுத்தான் இவரும் தலையாட்டினார்.

ஆனா இன்னைக்கு விறைப்பா அடிச்ச துணி நாளைக்கே தொளதொளன்னு தொங்குது. மூணு தடவை திரும்ப இழுத்து அடிச்சாச்சு. தோள்பட்டை விட்டுப்போச்சு.

"ஏங்க, இன்னைக்காவது முடியுமா?"ன்னு தினமும் கேட்பா சுலோச்சனா.

"கையில பலமே இல்லடி. அடிக்கிற ஆணி எல்லாம் எங்கயோ தெறிச்சுப் போகுது."

கவின் போன் பண்ணினான். "போதும்ப்பா, அப்படியே போட்டுட்டுக் கிளம்புங்க. நாளைக்கே வீடு விக்கிற ஏஜென்ட்டை வரச் சொல்றேன்."

வாதாடத் தெம்பில்ல. "சரிப்பா"ன்னுட்டார்.

சுலோச்சனா கோயிலுக்குப் போயிருந்தா. சமையல்கட்டுப் பக்கமே வராத மனுஷன், ரசத்துக்குத் தாளிச்சு வைப்போமேன்னு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார்.

கடுகுக்கு அடியில ஒரு கைப்பிடி பித்தளை ஆணி. எல்லாம் படகுத் துணியில இவர் அடிச்சது, யாரோ பிடுங்கினது.

ஆணியை அப்படியே விட்டுட்டு, கடுகை மட்டும் எடுத்துத் தாளிச்சார். அப்புறம் போனை எடுத்தார்.

"கவின், ஏஜென்ட் வேண்டாம்ப்பா. படகு முடிய இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்."

உங்க வீட்டுக் கடுகுக்கு அடியில என்ன இருக்கு? கொஞ்சம் பார்த்துட்டு எழுதுங்களேன்.